எதிர்த்துப் பேசும் பிள்ளை: பெங்களூருக்குப் புதிதாக வந்த பெற்றோர் காரணத்தை எங்கே தேடுவது?

"ஊர்ல இருந்தவரைக்கும் தங்கமான பையன். இங்க வந்த ஆறு மாசத்துல யாரோ மாதிரி ஆயிட்டான்." ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி, சர்ஜாபூர் சாலைப் பக்கம் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். ஒன்பதாவது படிக்கும் பையன் கதவைப் படாரென்று சாத்துகிறான். எட்டாவது படிக்கும் பெண் எதைக் கேட்டாலும் "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்கிறாள். வீட்டில் உடனே தீர்ப்பு வந்துவிடும்: செல்போன்தான் காரணம், இல்லாவிட்டால் சேர்க்கை சரியில்லை. இருக்கலாம். ஆனால் தீர்ப்பை முதலில் எழுதிவிட்டால் அப்புறம் யாரும் விசாரிப்பதில்லை.

எப்படித் தண்டிப்பது, எப்படி வழிக்குக் கொண்டுவருவது என்பதெல்லாம் பிறகு. அதற்கு முன்னால் காரணத்தை எந்த வரிசையில் தேடுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். காசு செலவில்லாமல் இரண்டே வாரத்தில் தெரிந்துகொள்ளக்கூடியதை முதலில் பாருங்கள்.

ஒன்றை மட்டும் ஏற்றுக்கொண்டு தொடங்கலாம். இந்த வயதில் ஓரளவு எதிர்ப்பு இருக்கத்தான் செய்யும். திட்டமிடுவது, அடக்கிக்கொள்வது, பின்விளைவை யோசிப்பது ஆகிய வேலைகளைப் பார்க்கும் முன்மூளைப் பகுதி இருபதுகளின் நடுவில்தான் முழுதாக முதிர்கிறது. உணர்ச்சியையும் பரபரப்பையும் கிளப்பும் பகுதிகளோ பருவமடையும்போதே வேகமெடுத்துவிடுகின்றன. அதனால்தான் காலையில் அமைதியாக "இனிமே அப்படிப் பேச மாட்டேம்மா" என்று சொன்ன பிள்ளை அன்று இரவே அப்படிப் பேசுகிறது. காலையில் சொன்னது பொய்யில்லை. ஆகவே எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, அது எப்போது தொடங்கியது, எங்கே வருகிறது, யாரிடம் வருகிறது என்று பாருங்கள்.

முதல் வேலை: இரண்டு வாரம் எழுதுங்கள்

ஒரு நோட்டு போதும், செல்போனிலும் எழுதலாம். ஒவ்வொரு சண்டைக்கும் ஆறு விஷயம்: என்ன கிழமை, எத்தனை மணி, எந்த இடம், யார் யார் இருந்தார்கள், அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, கடைசியில் எப்படி முடிந்தது.

"திமிராப் பேசினான்" என்று எழுதினால் பயனில்லை. இப்படி எழுதுங்கள்: "செவ்வாய், இரவு 9.20. அப்பா ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றும்போதே யூனிட் டெஸ்ட் மார்க் கேட்டார். அவன் அதுவரை சாப்பிடவில்லை. பதில் சொல்லாமல் உள்ளே போனான். கதவைத் தட்டினோம். கத்தினான். தட்டை மூடி வைத்துவிட்டுப் படுத்தோம்." இதில் பசி இருக்கிறது, நேரம் இருக்கிறது, வந்ததும் வராததுமாகக் கேட்ட கேள்வி இருக்கிறது. திமிர் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

இது அப்பா அம்மாவுக்குள் இருக்கட்டும். பிள்ளை கையில் கிடைத்தால் தன்மேல் போலீஸ் ஃபைல் திறந்திருக்கிறார்கள் என்றே நினைக்கும்.

இரண்டு வாரம் கழித்து உட்கார்ந்து படித்தால் ஏதாவது ஒரு பக்கம் கோடு தெரியும். வீட்டில் மட்டும்தான் எரிந்து விழுகிறது, பள்ளியிலும் நண்பர்களிடமும் ஒழுங்காக இருக்கிறது என்றால், காரணத்தை வீட்டுக்குள் தேடலாம். வெளியே நாள் முழுக்க அடக்கி வைத்ததைப் பத்திரமான இடத்தில் வந்து கொட்டுவதும் உண்டு. எல்லா இடத்திலும் எல்லாரிடமும் இப்படி என்றால் அது வேறு. ஞாயிறு மாலையிலும் திங்கள் காலையிலும் மட்டும் வருகிறது என்றால் பள்ளிக்கூடம். அம்மாவிடம் மட்டும் என்றால், கட்டுப்பாடு முழுவதும் அம்மா தலையில் விழுந்திருக்கிறதா என்று அப்பா கொஞ்சம் யோசிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பிறகு திடீரென்று மாறியது என்றால் அந்தத் தேதியில் ஏதோ நடந்திருக்கிறது. இந்தக் கடைசி வகைக்குப் பின்னால் வருகிறேன்.

அடுத்து உடம்பு

இது சின்ன விஷயமாகத் தெரியும். அப்படி விட்டுவிடாதீர்கள்.

பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவமடைந்தபின் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் இரவில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. பதினோரு மணிக்கு முன்னால் தூக்கம் வரவில்லை என்று பிள்ளை சொன்னால் அதில் பாதியாவது உண்மை. இனி பெங்களூர்க் கணக்கைப் போடுங்கள். டிராஃபிக்குக்குப் பயந்து பள்ளி பஸ் ஆறே முக்காலுக்கே கேட்டில் வந்து நிற்கும். ஐந்தே முக்காலுக்கு எழுப்ப வேண்டும். ஏழு மணி நேரம்கூடத் தூங்காத பெரியவரிடம் நாமே ஜாக்கிரதையாகத்தான் பேசுவோம். முடிந்தால் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு பாருங்கள். அப்பாவின் ஆபீஸுக்குப் பக்கத்தில் வீடு பிடித்துவிட்டுப் பிள்ளையை ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் அனுப்பும் ஏற்பாடு எனக்கு எப்போதுமே சரியாகப் பட்டதில்லை.

அடுத்தது இரத்தம். 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதே வயது ஆண்களில் 31 சதவீதம். சோர்வு, எரிச்சல், கவனக்குறைவு எல்லாம் அதனால் வரும். வீட்டில் அதற்குச் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்திருப்போம். ஹீமோகுளோபின் பரிசோதனைக்கு அதிகம் செலவாகாது. தைராய்டையும் பார்க்க வேண்டுமா என்று மருத்துவரிடமே கேளுங்கள். பெண் பிள்ளை என்றால் நோட்டில் மாதவிடாய்த் தேதிகளையும் குறித்து வையுங்கள், சண்டைகள் அதற்கு முந்தைய நாட்களில் கூடுகின்றனவா என்று தெரியும்.

ஊர் மாறியதில் என்ன போனது?

புதிதாக வந்தவர்கள் அதிக நேரம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். ஆனால் பெரும்பாலும் யோசிப்பதில்லை. நமக்கு இந்த மாற்றம் சம்பளம், பதவி உயர்வு. பிள்ளைக்கு என்ன போனது என்று யாரும் கணக்கெடுப்பதில்லை.

திருநெல்வேலியிலோ சேலத்திலோ எட்டாம் வகுப்பு படித்த பையனுக்கு வகுப்பில் ஓர் இடம் இருந்தது. நன்றாகப் படிப்பவன், கிரிக்கெட்டில் கீப்பர், வாத்தியார் வீட்டுக்கே போய்வருபவன் என்று ஏதோ ஒன்று. இங்கே அவன் நடுவில் வந்து சேர்ந்தவன். பாடத்திட்டம் எதுவானாலும் பள்ளிகள் கன்னடம் கற்பிக்க வேண்டும் என்று கர்நாடகம் 2015-ல் சட்டம் கொண்டுவந்தது. கற்பிப்பது நியாயம்தான், நானும் அதன் கட்சி. ஆனால் பதினாலு வயதில் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது பக்கத்து பெஞ்சு சிரித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அபார்ட்மென்டில் விளையாடப் போனால் அங்கே பாதிப் பேச்சு இந்தியில். 1968 முதல் இருமொழிக் கொள்கை நடக்கும் தமிழ்நாட்டின் அரசுப் பாடத்திட்டத்திலிருந்து வந்த பிள்ளைக்கு அதுவும் தெரியாது. தமிழில் வாயடித்தவன் மூன்று மொழிகளுக்கு நடுவில் ஊமையாக நிற்கிறான். வாய் திறக்க முடிகிற இடம் வீடு ஒன்றுதான். அங்கே கொஞ்சம் அதிகமாகவே திறக்கிறான்.

ஒரு வருடம் போகட்டும், நிலைமை தலைகீழாகும். பிள்ளைகள் கன்னடமும் இந்தியும் மளமளவென்று பிடித்துக்கொள்வார்கள். அம்மாவுக்கு வராது. வீட்டு ஓனரிடம் தண்ணீர் மோட்டார் பற்றிப் பேசுவது, ஆட்டோக்காரரிடம் வழி சொல்வது, கேஸ் ஏஜென்சிக்கு ஃபோன் செய்வது எல்லாம் பிள்ளை வேலையாகிவிடும். பகலில் வீட்டின் வாய் அவன். ராத்திரி ஏதாவது கருத்து சொன்னால் "பெரியவங்க பேசுற இடத்துல உனக்கென்ன" என்கிறோம். வெளியே அவனை நம்பி நிற்பதும் உள்ளே அவனை அதட்டுவதும் ஒரே நாளில் நடக்கிறது. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்ற வார்த்தை பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. இதற்கு மருந்து அதட்டல் இல்லை. அம்மா கடைக்குப் போய் வருமளவுக்குக் கன்னடம் கற்றுக்கொள்வதுதான். அதையும் பிள்ளையிடமே கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு இழப்பு, ஆச்சியும் தாத்தாவும். ஊரில் அப்பா திட்டினால் பிள்ளை நேராக ஆச்சி வீட்டுக்குப் போகும். ஆச்சி ஒரு தோசை ஊற்றிக் கொடுத்து, "அவன் சின்ன வயசுல என்ன ஆட்டம் போட்டான் தெரியுமா" என்று மகனையே போட்டுக்கொடுப்பார். அரை மணி நேரத்தில் இருவர் கோபமும் இறங்கிவிடும். இங்கே இரண்டு பெட்ரூம் ஃப்ளாட்டில் கோபித்துக்கொண்டு போக ஒரே இடம் அந்த அறை, சாத்துவதற்கு ஒரே கதவு. ஆகவே கதவைச் சாத்தினால் உடனே தட்டாதீர்கள். இருபது நிமிடம் விடுங்கள். தாத்தாவிடம் பேரன் தனியாக வீடியோ காலில் பேசட்டும், நீங்கள் பின்னால் நின்று தலையை நீட்டாமல்.

இந்தப் பகுதியில் காரணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு எளிய கேள்வி உண்டு. ஏதாவது வேலையாக இருக்கும்போது, முகத்தைப் பார்க்காமல் கேளுங்கள்: "ஊர்ல இருந்து ஒண்ணே ஒண்ணு இங்க கொண்டு வரலாம்னா எதைக் கொண்டு வருவே?" வந்த பதிலுக்குச் சமாதானம் சொல்லக் கிளம்பாதீர்கள். "இங்கயும் நல்ல ஃப்ரெண்ட்ஸ் கிடைப்பாங்க" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சண்டை எப்படி வளர்கிறது?

சில வீடுகளில் முதல் காரணம் என்றோ தீர்ந்திருக்கும், சண்டை மட்டும் பழக்கமாகத் தங்கிவிடும். அமெரிக்காவில் ஒரேகானைச் சேர்ந்த உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அம்மா ஒரு வேலை சொல்கிறார். பிள்ளை கேட்காததுபோல் இருக்கிறது. அம்மா குரலை உயர்த்துகிறார். பிள்ளை கத்துகிறது. "எக்கேடோ கெட்டுப் போ" என்று அம்மா விட்டுவிடுகிறார். கத்தினால் வேலை செய்ய வேண்டாம் என்று பிள்ளை கற்றுக்கொண்டது. மறுநாள் அம்மா இன்னும் பெரிதாகக் கத்த, பிள்ளை எழுந்து வேலையைச் செய்கிறது. கத்தினால்தான் நடக்கும் என்று அம்மாவும் கற்றுக்கொண்டார். ஒருவருக்கொருவர் பாடம் எடுத்துக்கொண்டே சத்தம் ஏறுகிறது. உங்கள் நோட்டில் "எப்படி முடிந்தது" என்ற இடத்தைத் திரும்பப் படியுங்கள். பாதிக்கு மேல் "விட்டுவிட்டோம்" என்று இருந்தால் இதுதான் நடக்கிறது. குறைவாகச் சொல்வது, ஒரு முறை சொல்வது, சொன்னதில் நிற்பது. வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை. அடி அந்த நேரத்துக்கு நிறுத்தும், அடுத்த முறை மறைக்கக் கற்றுக்கொடுக்கும்.

எதில் நிற்பது என்று தெரிய வேண்டுமே? ஜூடித் ஸ்மெட்டானா என்ற ஆய்வாளர் கவனித்த ஒன்று இங்கே கைகொடுக்கும். பாதுகாப்பு, அடுத்தவருக்குத் தீங்கு செய்யாமை போன்றவற்றில் பெற்றோர் விதி போடலாம் என்று பதின்வயதினரே பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். தலைமுடி, உடை, தன் அறை, யாரோடு பழகுவது போன்றவை தம் சொந்த விஷயம் என்று நினைக்கிறார்கள். மோதல் வருவது இந்த எல்லையில்தான். உங்கள் நோட்டில் இருக்கும் சண்டைகளை இப்படிப் பிரித்துப் பாருங்கள். பத்தில் ஏழு முடிவெட்டு, ஹூடி, கலைந்த அலமாரி என்றால் பல சண்டைகளை நீங்களே இன்றைக்கு மூடிவிடலாம்.

ஸ்கூட்டர் அப்படியில்லை. அபார்ட்மென்டில் மற்றப் பையன்கள் ஓட்டுகிறார்கள் என்று பதினைந்து வயதில் சாவி கேட்டால் பேரமே இல்லை. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, லைசென்ஸ் வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றத்தில் சிக்கினால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் உண்டு. முடிவெட்டுக்கும் ஹூடிக்கும் ஏற்கெனவே கத்தித் தீர்த்திருந்தால், ஸ்கூட்டருக்குச் சொல்லும் "கூடாது" பிள்ளை காதில் இன்னொரு கத்தலாகத்தான் விழும்.

நண்பர்கள் முன்னால் கண்டிக்காதீர்கள் என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2005-ல் உளவியல் ஆய்வாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். சம வயதினர் பக்கத்தில் இருந்தபோது 13 முதல் 16 வயதினர் கூடுதலாக ஆபத்தை ஏற்றார்கள், பெரியவர்களிடம் அந்த மாற்றம் பெரிதாக இல்லை. லிஃப்ட் வாசலில் நண்பர்கள் நிற்கும்போது அதட்டினால் பிள்ளை பேசுவது உங்களிடம் இல்லை, அவர்களுக்காக. மேலே வீட்டுக்கு வந்தபின் சொல்லுங்கள்.

செல்போன் பற்றிச் சுருக்கமாக. அது காரணமா, ஒளிந்துகொள்ளும் இடமா என்று பாருங்கள். நோட்டில் சண்டைக்கு முன்னால் ஃபோன் பிடுங்கல் இருந்தால் ஃபோனைப் பற்றிப் பேசலாம். ஃபோனுக்குள் பழைய ஊர் நண்பர்கள் குழுதான் இருக்கிறது என்றால், பிடுங்குவது மிச்சமிருக்கும் ஒரே கயிற்றையும் அறுப்பது. இரவு பத்து மணிக்கு வீட்டில் உள்ள எல்லா ஃபோனும் ஹாலில் சார்ஜுக்குப் போகும் என்று வைக்கலாம். எல்லா ஃபோனும் என்றால் அப்பாவுடையதும்தான். அமெரிக்க டீமோடு கால் இருக்கும் நாளில் அதை முன்கூட்டியே சொல்லிவிடட்டும்.

பள்ளியில் என்ன கேட்பது?

பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்காமல், வகுப்பாசிரியரிடம் தனியாக நேரம் வாங்குங்கள். "எப்படிப் படிக்கிறான்?" என்ற கேள்வியை அன்று விட்டுவிடுங்கள். மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான், குரூப் வேலையில் யார் சேர்த்துக்கொள்கிறார்கள், பட்டப்பெயர் ஏதாவது உண்டா, எந்தப் பாடவேளையில் முகம் மாறுகிறது என்று கேளுங்கள். பேச்சு வழக்கை, நிறத்தை, சாப்பாட்டு டப்பாவைக் கிண்டல் செய்வது புதிதாக வந்த பிள்ளைகளுக்கு நடக்கிற ஒன்று. வீட்டில் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நீங்கள் பள்ளிக்கு வந்து சண்டை போடுவீர்கள் என்ற பயம்.

படிப்பைத் தொட்டால் மட்டும் வெடிக்கிறது, வாய்விட்டுச் சொன்னால் புரிகிறது, எழுதச் சொன்னால் ஓடுகிறது என்றால் கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கலாம். ஊரில் மனப்பாடத்தால் மறைந்திருந்தது புதிய பாடத்திட்டத்தில் வெளியே வரும். முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிட முரடன் என்று பெயர் வாங்குவது பிள்ளைக்குச் சுலபம். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இக்குறைபாடு சேர்க்கப்பட்டிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் சிபிஎஸ்இ போன்ற வாரியங்கள் தேர்வில் கூடுதல் நேரம் தருகின்றன.

வீட்டோடு நிறுத்தக் கூடாத இடம்

திடீர் மாற்றம் பற்றிப் பின்னால் சொல்கிறேன் என்றேன். குறிப்பிட்ட டியூஷனுக்கு, குறிப்பிட்ட உறவினர் வீட்டுக்கு, குறிப்பிட்ட வேனில் போக மாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தால் அதைக் கீழ்ப்படியாமை என்று எண்ணிக் கட்டாயப்படுத்தாதீர்கள். பாலியல் தொந்தரவு இப்படித்தான் பல வீடுகளில் முதலில் வெளியே தெரிகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். முதலில் போவதை நிறுத்துங்கள், அப்புறம் பொறுமையாகக் கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள எல்லாருக்கும் 2012-ன் போக்சோ சட்டம் பாதுகாப்பு தருகிறது.

மனச்சோர்வு பெரியவர்களிடம் அழுகையாகத் தெரியும், பதின்வயதில் பல நேரம் எரிச்சலாகத்தான் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் எரிச்சல் விடாமல் இருப்பது, பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிடுவது, தூக்கமும் சாப்பாடும் மாறுவது எல்லாம் சேர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். கையில் கீறிக்கொண்ட தழும்பு, "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு, போதைப் பொருள், வீட்டைவிட்டு ஓடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றே கூட்டிப்போங்கள்.

எதிர்ப்பையே ஒரு மனநலக் குறைபாடாக மருத்துவர்கள் சொல்வதும் உண்டு. அதற்குக் கோபம், வாக்குவாதம், பழிவாங்கும் குணம் போன்ற அறிகுறிகளில் குறைந்தது நான்கு இருக்க வேண்டும், அவை ஆறு மாதமாவது தொடர வேண்டும், உடன்பிறந்தவரிடம் மட்டும் காட்டுவதாக இருக்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்த பட்டியலைப் பார்த்து நீங்களே முத்திரை குத்திவிடாதீர்கள். கவனக்குறைவும் துறுதுறுப்பும் கொண்ட ஏடிஹெச்டி, பதற்றநோய் போன்றவையும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்.

பெங்களூரில் இருப்பதில் ஒரு வசதி, ஓசூர் சாலையில் மத்திய அரசின் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் இருக்கிறது. குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் அங்கே தனி மனநலத் துறையே உண்டு. செல்போன், கேம் பழக்கம் மிஞ்சிப் போனவர்களுக்கென்று 2014-ல் தொடங்கிய ஷட் கிளினிக்கும் அவர்களுடையதுதான். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் முதலில் டெலி மானஸ் எண் 14416-ஐ அழையுங்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இலவச மனநல ஆலோசனைச் சேவை, நாள் முழுதும் உண்டு, தமிழிலும் பேசலாம். பிள்ளை வர மறுத்தால் பெற்றோர் மட்டும் பேசினாலும் தவறில்லை.

கூட்டிப்போகும் நாளில் "பைத்தியக்கார டாக்டர்" என்ற பேச்சு யார் வாயிலும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சும்மா ஷாப்பிங் போகிறோம் என்று ஏமாற்றியும் கூட்டிப்போகாதீர்கள், அப்புறம் அந்த மருத்துவரிடம் பிள்ளை வாயே திறக்காது. "நம்ம வீட்ல சண்டை அதிகமாயிடுச்சு, எங்களுக்கும் சேர்த்துத்தான் கேக்கப் போறோம்" என்று உள்ளதைச் சொல்லுங்கள். அந்த இரண்டு வார நோட்டு, இரத்தப் பரிசோதனை முடிவு, கடைசி இரண்டு ஆண்டுகளின் ரிப்போர்ட் கார்டு, பழைய ஊர்ப் பள்ளியினுடையதும் சேர்த்து, இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் பிள்ளையோடு தனியாகப் பேச வேண்டும் என்பார். வெளியே வந்ததும் "உள்ளே என்ன சொன்னே?" என்று கேட்காதீர்கள்.